சப்ளையருக்கு ஒரு ஸ்டூல் போடுங்க!



அடுத்த தடவை ஓட்டலுக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்க. இலை போட்டதும் சாப்பாட்டைப் பார்ப்பதற்கு முன்னாடி, பரிமாற வந்தவரின் காலைப் பாருங்க. தேய்ந்த ரப்பர் செருப்பு. ஈரத்திலேயே நின்று வெளுத்துப்போன விரல் இடுக்கு. கெண்டைக்காலில் புடைத்துச் சுருண்டு கிடக்கும் நரம்பு. அப்புறம் அந்தக் கடையை ஒரு சுற்று பாருங்க. சாப்பிட வந்த நமக்கு நாற்காலி இருக்கு. கல்லாவில் இருப்பவருக்கு நாற்காலி இருக்கு. சாம்பார் அண்டாவை வைக்க முக்காலி இருக்கு, தண்ணி கேனுக்கு ஸ்டாண்டு இருக்கு. பரிமாறுகிறவர் உட்கார ஏதாவது இருக்கா?

இன்றைய பதிவு அந்த இல்லாத நாற்காலியைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது படிச்சிருங்க.

"ஓட்டல் வேலைக்கென்னங்க, சோத்துக்குக் கவலையில்லை" என்று நம்ம பக்கம் பெரியவங்க சொல்வாங்க. ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. தாராபுரம், மூலனூர், குண்டடம் எல்லாம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷம் வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று பையனைக் கோயமுத்தூருக்கோ மெட்ராசுக்கோ ஓட்டல் வேலைக்கு அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். இன்றைக்கு ரேஷனில் அரிசி கிடைக்குது. வெறும் சோத்துக்காக யாரும் ஓட்டல் வேலைக்கு வருவதில்லை. ஆனால் சம்பளம் பேசும்போது மட்டும் அந்தப் பழைய கணக்கு மாறவே இல்லை. "சாப்பாடு போட்டு, தங்க இடமும் கொடுத்து" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறாங்க. அந்தச் சாப்பாடும் தங்குமிடமும் பாதிச் சம்பளமாகக் கழிந்துவிடுகிறது.

அந்தச் சாப்பாட்டையாவது நேரத்துக்குச் சாப்பிட முடியுமா? ஊர் சாப்பிடும் நேரத்தில் ஓட்டல்காரர் சாப்பிட முடியாது. காலை டிபன் 11 மணிக்கு. மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு. அதுவும் கூட்டத்தில் தீர்ந்தது போக மிச்சம் இருக்கும் குழம்பில். ராத்திரி கடை சாத்தின பிறகு பசியே இருக்காது. எண்ணெய் வாசனையே வயிற்றை நிறைத்துவிடும்.

நம்ம ஊர் எப்படிப்பட்ட ஊர்னு உங்களுக்குத் தெரியும். ஈரோட்டிலிருந்து காங்கேயம் வழியா பழனிக்குப் போறவங்க, கோயமுத்தூரிலிருந்து பல்லடம் வழியா ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரைக்குப் போறவங்க, கரூரிலிருந்து உடுமலைக்குப் போறவங்க, எல்லாரும் இங்கே ஒரு டீயாவது குடிச்சிட்டுத்தான் போறாங்க. தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்தால் காவடி எடுத்து நடந்து போகும் கூட்டம் ராத்திரி பகல் பார்க்காது. நாலு ரோடு சேரும் ஊரில் ஓட்டல் அடுப்பு அணைவதில்லை. ஊருக்கு அது வரும்படி. சரி. அந்த அடுப்புக்கு முன்னால் நிற்கிறவருக்கு?

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். விடியற்காலை நாலு மணிக்கு டீ மாஸ்டர் பாய்லரைப் பற்ற வைக்கிறார். நாலரைக்கு டிபன் மாஸ்டர் சாம்பாருக்குப் பருப்பு போடுகிறார். ஆறு மணிக்கு முதல் ஈடு இட்லி. பத்தரை வரை நிற்க நேரமில்லை. அது அடங்குவதற்குள் சாப்பாட்டுக்குக் காய் வெந்தாக வேண்டும். பன்னிரண்டு முதல் மூன்று வரை இலை போடுவதும் எடுப்பதும். அப்புறம்தான் "பிரேக்". அஞ்சு மணிக்குப் பரோட்டாக் கல் சூடாகிவிடும். ராத்திரி பதினொன்று வரை கொத்துச் சத்தம். கடை சாத்தி, கல்லைச் சுரண்டி, கிரைண்டரைக் கழுவி, தரையைத் தேய்த்து, படுக்கும்போது பன்னிரண்டரை.

அந்தப் "பிரேக்" என்கிற வார்த்தையைக் கவனிங்க. விஷயம் முழுக்க அதில்தான் இருக்கு. மத்தியானம் மூணரை முதல் அஞ்சு வரை வேலை இல்லை, ஆகவே அது வேலை நேரத்தில் சேராது என்பது கணக்கு. வேலை செய்கிறவருக்கு வீடு உசிலம்பட்டியிலோ ராமநாதபுரத்திலோ இருக்கு. இல்லைன்னா பீகாரில், ஒடிசாவில் இருக்கு. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் எங்கே போவார்? கடை மாடியில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், தகரக் கூரை வெக்கையில் ஒரு பாயை விரித்துப் படுப்பார். மேஸ்திரி கூப்பிட்டால் எழுந்து வருவார். காலையில் அஞ்சரைக்கு எழுந்தவர் ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் விடுபடுகிறார். காகிதத்தில் ஒன்பது மணி நேரம், உடம்புக்குப் பதினெட்டு.

ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கஷ்டம். பரோட்டா மாஸ்டரை நாம் வேடிக்கை பார்க்கிறோம், வீடியோ எடுக்கிறோம். மாவை வீசி விசிறும் அந்தத் தோள்பட்டை நாற்பது வயசுக்கு மேல் என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. நம்ம கொங்கு மண்டலம் ஒரு நல்ல காரியம் செய்தது. கோவைக்காரங்க கொண்டு வந்த வெட் கிரைண்டர், ஆட்டாங்கல்லில் மாவாட்டிய கைகளுக்கு விடுதலை கொடுத்தது. மாவு பிசைய மெஷின் இப்போ பெரிய கடைகளில் வந்துவிட்டது. வீசுவதும் அடிப்பதும் இன்னும் மனுஷன் கையில்தான்.

வெப்பத்தைச் சொல்லவே வேண்டாம். ஊரைச் சுற்றிக் காத்தாலைகள் சுத்துது, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நம்ம ஊரு மேலேதான் வீசுது. ஆனால் ஓட்டல் சமையல்கட்டுக்குள் அந்தக் காத்து நுழையாது. பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல், அதிலும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அதன் இறக்கையில் ஒரு விரக்கடை எண்ணெய்ப் பிசுக்கு. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு அது தேவையான அறிவிப்பு. சித்திரை மாசத்தில் தோசைக்கல்லுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறவர் எந்தக் கணக்கில் வருவார்?

பின்னாடி பாத்திரம் கழுவும் அக்காக்களை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீங்க. அந்த இடத்துக்கு வாடிக்கையாளர் யாரும் போவதில்லை. சோப்புத் தண்ணியிலும் சோடாத் தூளிலும் ஊறி உள்ளங்கைத் தோல் உரிந்திருக்கும். பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பெண்கள், கணவனை இழந்தவங்க, வீட்டில் குடிகாரனை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவங்க. ஓட்டலிலேயே குறைந்த கூலி அவங்களுக்குத்தான். கடைசி பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லை. அதற்காக அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் அதற்கும் ஒரு பேச்சு.

சப்ளையர் வேலை திறமையில்லாத வேலை என்று நினைக்கிறவங்க ஒரு நாள் செய்து பார்க்கட்டும். நாலு மேஜை, பதினாறு பேர், கையில் துண்டுச் சீட்டு கூடக் கிடையாது. யாருக்கு நெய் ரோஸ்ட், யாருக்கு வெங்காயம் இல்லாத ஊத்தப்பம், எந்தக் குழந்தைக்குச் சர்க்கரை, எல்லாம் தலைக்குள். பில் கேட்டால் மனக்கணக்கு. இதற்கு எந்தக் கல்லூரியிலும் பட்டம் கொடுப்பதில்லை.

இப்போ அவருக்குப் புதுசா ஒரு அடி. முன்னெல்லாம் பில் தட்டில் மிச்சச் சில்லறை வரும், அஞ்சோ பத்தோ அதில் விட்டுட்டு எழுவோம். இன்றைக்கு எல்லாரும் கல்லாவுக்குப் போய் ஸ்கேன் பண்றோம். ரூபாய் பைசா சுத்தமா முதலாளி கணக்குக்குப் போகுது. சில்லறைத் தட்டு போச்சு, அதோடு டிப்ஸும் போச்சு. டிப்ஸை நம்பிச் சம்பளத்தைக் குறைத்து வைத்த கடைகளில், டிப்ஸ் நின்ற பிறகு சம்பளம் ஏறினதா? ஏறலை.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். ஓட்டல் தொழிலாளிக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கு. தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம், 1958. காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் வந்தது. ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை என்று அதில் இருக்கு. 65 வருஷத்துக்கு மேல் ஆச்சு. உங்களுக்குத் தெரிந்த ஓட்டல் தொழிலாளி யாரிடமாவது "வாராவாரம் லீவு உண்டாங்க?" என்று கேட்டுப் பாருங்க. சிரிப்பார். மாசத்துக்கு ரெண்டு நாள் கிடைத்தால் நல்ல முதலாளி என்று பேர்.

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தமிழ்நாடே கொதித்தது. எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. நியாயமான போராட்டம், நியாயமான வெற்றி. ஆனால் அந்தப் பொதுக்கூட்டங்கள் முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு இருபது முப்பது பேராக ஓட்டலுக்குள் நுழைந்து "என்னப்பா சூடா இருக்கு?" என்று எல்லாக் கட்சிக்காரங்களும்தான் கேட்டாங்க. இலை போட்டவர் அப்போது தன் பதினாலாவது மணி நேரத்தில் இருந்தார். அவருக்கு யாரும் திருத்தம் கொண்டு வரவில்லை. சட்டத்தைத் திருத்தாமலே அவர் நாள் நீண்டு கிடக்கு.

இப்போ அந்த நாற்காலி விஷயம். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்த பெண்கள் கேரளத்தில் முதலில் போராடினாங்க. கோழிக்கோட்டில் விஜி என்பவரும் அவரது 'பெண்கூட்டு' அமைப்பும் அந்தப் போராட்டத்தை நடத்திய விதம் பெரிய கதை. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் திருத்தியது. கடைகள், நிறுவனங்களில் ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவங்க உட்கார வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். கைத்தட்டினோம்.

ஆனால் திருத்தப்பட்டது 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஓட்டல், மெஸ், டீக்கடைக்கு இருப்பதோ 1958ஆம் வருஷத்துச் சட்டம். துணிக்கடை அக்காவுக்கு ஸ்டூல் எழுதிக் கொடுத்தாச்சு. அதே பஜார் வீதியில் அடுத்த வாசலில் இருக்கும் சப்ளையருக்கு அவருடைய சட்டப் புத்தகத்தில் அந்த ஒரு வரியை எழுதணும்னு யாருக்கும் தோணலை. ஒரு பக்கத் திருத்தம் போதுமுங்க. செலவா? ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் விலை, ஒரு குடும்பம் ஒரு நேரம் சாப்பிட்ட பில்லை விடக் குறைவு.

அப்புறம் ஏன் போடுவதில்லை? முதலாளிகளைக் கேட்டால் பணத்தைச் சொல்ல மாட்டாங்க. "சப்ளையர் உட்கார்ந்திருந்தா கஸ்டமர் என்ன நினைப்பாங்க?" என்பாங்க. அதாவது நம்மைத்தான் கை காட்டுறாங்க. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. கூட்டமே இல்லாத மத்தியானம் மூணு மணிக்குக் கூட, நாம் நுழையும்போது சப்ளையர் உட்கார்ந்திருந்தால் நம்மில் எத்தனை பேருக்கு முகம் சுளிக்காது? வங்கியில் உட்கார்ந்துகொண்டே பணம் கொடுக்கிறாங்க, டாக்டர் உட்கார்ந்துகொண்டே மருந்து எழுதுகிறார், நமக்குக் கோபம் வருவதில்லை. சோறு போடுகிறவர் மட்டும் நின்றால்தான் மரியாதை என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

2024 செப்டம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கோவையில் ஒன்றிய நிதியமைச்சர் கலந்துகொண்ட கூட்டத்தில், அன்னபூர்ணா சீனிவாசன் அவர்கள் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, அதுக்குள்ள கிரீம் வைத்தால் 18 சதவீதமா என்று கேட்டார். நாடு சிரித்தது. அப்புறம் அவர் மன்னிப்புக் கேட்கும் வீடியோ வெளியே வந்தது, சிரிப்பு கோபமானது. கேள்வி கேட்டதற்காக ஒரு மூத்த தொழிலதிபரை அப்படி நிற்க வைத்தது தவறு என்று கட்சி வித்தியாசம் இல்லாமல் கொங்கு மக்கள் பேசினாங்க. சரியாகவே பேசினாங்க. 2025 செப்டம்பரில் கேக், பிஸ்கட் வகைகளுக்கு வரி 18இலிருந்து 5 சதவீதமாக இறங்கவும் செய்தது.

இதை எதுக்குச் சொல்றோம்னா, ஓட்டல் தொழிலைப் பற்றி நாம் ஒரு மாசம் பேசியும் அதில் தொழிலாளி என்கிற ஆள் வரவே இல்லை. பன் வந்தது, கிரீம் வந்தது, வரி வந்தது, முதலாளியின் மானம் வந்தது. அந்தப் பன்னை மேஜைக்குக் கொண்டு வந்து வைத்தவர் எந்த டிவி விவாதத்திலும் வரலை. முதலாளிக்குச் சங்கம் இருக்கு, கூட்டத்தில் மைக் கிடைக்குது. சப்ளையருக்கு மைக் யார் கொடுப்பாங்க?

முதலாளிகள் கஷ்டம் நமக்குத் தெரியாமல் இல்லை. வர்த்தக சிலிண்டர் விலை எப்போ ஏறும் என்று தெரியாது. எண்ணெய், மைதா, வாடகை. சாப்பாட்டு பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி வாங்கிக் கட்டுகிறாங்க, ஆனால் சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆன்லைன் டெலிவரி நிறுவனங்கள் ஒவ்வொரு ஆர்டரிலும் கமிஷன் பிடிக்கின்றன. புருஷன் அடுப்பில், பொண்டாட்டி பரிமாற என்று நடக்கும் சின்ன மெஸ்காரங்க, வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களை விட அதிகமாகவே நிற்கிறாங்க. அவங்களோடு நமக்கு வழக்கே இல்லை. ரெண்டு மாடி, ஏசி ஹால், மூணு கிளை என்று வளர்ந்த பிறகும் "தாங்காதுங்க" என்று சொல்கிறவர்களிடம்தான் பேச்சு.

பத்துப் பேர் வேலை செய்தால் இஎஸ்ஐ கட்ட வேண்டும். இருபது பேர் என்றால் பிஎஃப். இஎஸ்ஐக்குத் தொழிலாளி கட்டுவது சம்பளத்தில் முக்கால் சதவீதம், முதலாளி கட்டுவது மூணேகால் சதவீதம். சூடான எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து முழங்கை வெந்த மாஸ்டருக்கு இந்தக் கார்டு இருந்தால் வைத்தியமும் கிடைக்கும், படுத்திருக்கும் நாட்களுக்கு ஒரு தொகையும் கிடைக்கும். இல்லையென்றால் பர்னால் ஒரு டியூப், ரெண்டு நாள் லீவு, "ஊருக்குப் போய்ட்டு சரியானதும் வா" என்று வழிச்செலவு. சம்பளச் சீட்டு இல்லாத இடத்தில் எதை நிரூபிப்பது? பத்து வருஷம் ஒரே கடையில் நின்றவருக்கும் அங்கே வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. முன்பணம் வாங்கியதற்கு மட்டும் கையெழுத்துப் போட்ட நோட்டு கல்லாவில் பத்திரமா இருக்கும்.

நம்ம ஊர்ப் பசங்க இந்த வேலைக்கு வருவதில்லை என்பது இன்னொரு புலம்பல். ஏன் வரணும்? பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகலாம். பொண்ணு கேட்டுப் போனால் மாப்பிள்ளை என்ன வேலை என்ற கேள்விக்குப் பதில் சொல்லலாம். ஓட்டல் வேலை என்றால் பொண்ணு கொடுக்க யோசிக்கிறாங்க, அது நமக்குத் தெரிந்ததுதான். அந்த இடத்துக்குப் பீகார், அசாம், ஒடிசாப் பிள்ளைகள் வந்து நிற்கிறாங்க. "ரெண்டு இட்லி, ஒரு வடை" என்று தமிழ் கற்றுக்கொண்டு, நம்ம சாம்பாரை நமக்கே ஊற்றுகிறாங்க.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரப்பப்பட்டன. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்தது. திருப்பூர்ப் பக்கம் பயந்து ரயில் ஏறியவர்கள் பலர். பொய்யைப் பரப்பியவர்கள் அம்பலப்பட்டாங்க, நல்லது. ஆனால் அவங்க இல்லாவிட்டால் நம்ம ஊர் அடுப்பு எரியாது என்று அந்த வாரம்தான் பலருக்கும் உறைத்தது. அடிக்கவில்லை என்பது மட்டும் போதுமா? நம்ம ஆளுக்குக் கொடுக்கிற கூலி, நம்ம ஆளுக்குக் கொடுக்கிற லீவு அவருக்கும் உண்டா என்பதுதான் கேள்வி. அவரைக் குறைந்த கூலிக்கு நிற்க வைத்தால் உள்ளூர்க்காரர் கூலியும் ஏறாது. ரெண்டு பேரையும் மோதவிட்டுச் சுகம் காண்பவர் மூன்றாவது ஆள்.

சாதி இல்லாமல் நம்ம பக்கத்து ஓட்டலைப் பேச முடியுமா? ஓட்டல் பலகையில் 'பிராமணாள்' என்று எழுதும் வழக்கத்தை எதிர்த்து, நம்ம ஈரோட்டுக் கிழவர் 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மறியல் நடத்தினார். நூற்றுக்கணக்கானோர் சிறை போனாங்க, அந்தப் பலகை இறங்கியது. யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வி பெருமளவு தீர்ந்தது. யார் சமைக்கலாம் என்பது தீரவில்லை. 2018இல் நம்ம திருப்பூர் மாவட்டத்தில், அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்க விடாமல் தடுத்தாங்க. மக்கள் திரண்டு போராடிய பிறகுதான் அவர் அடுப்பு மூட்ட முடிந்தது. அரசுப் பள்ளியிலேயே இந்த நிலை. தனியார் ஓட்டலில் மாஸ்டராக யார் நிற்கிறார், எச்சில் இலை யார் எடுக்கிறார், பின்பக்கம் பாத்திரத்தோடு யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நீங்களே விசாரிச்சுப் பாருங்க.

இன்னொன்று. டேபிள் துடைக்கிறவருக்கு நாற்பது வயசானாலும் "டேய் தம்பி", "பையா"தான். ஓட்டல்களிலும் டீக்கடைகளிலும் 14 வயதுக்குக் கீழ் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2006 அக்டோபர் 10இல் தடை வந்தது. பையன்கள் பெருமளவு போயாச்சு. கூப்பிடும் விதம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. "ஏனுங்கண்ணா, கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்று சொல்ல நமக்கு வாய் வலிக்காது. மரியாதையான பேச்சுக்குப் பேர் போன ஊருங்க நம்மது.

ஓட்டலை வேற மாதிரி நடத்தவே முடியாதா? பாலக்காடு தாண்டினால் பார்க்கலாம். இந்தியன் காபி ஹவுஸ். 1950களில் காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடி ஆட்களை வெளியே அனுப்பியபோது, ஏ.கே. கோபாலன் அந்தத் தொழிலாளிகளைத் திரட்டினார். கடையை நீங்களே எடுத்து நடத்துங்க என்றார். 1957இல் பெங்களூரில் முதல் கூட்டுறவுச் சங்கம், 1958இல் திருச்சூரில். விசிறித் தலைப்பாகை கட்டி உங்களுக்குக் கட்லெட் கொண்டு வரும் அந்த அண்ணன், அந்தக் கடையின் பங்குதாரர். அவருக்கு சீனியாரிட்டி உண்டு, பதவி உயர்வு உண்டு. காபி விலையும் கட்டுப்படியாகத்தான் இருக்கு. அறுபது வருஷத்துக்கு மேல் நடக்குது, ஒன்றும் மூழ்கிப் போகலை. நம்ம கொங்கு நாட்டில் பால் கூட்டுறவு இருக்கு, நெசவாளர் கூட்டுறவு இருக்கு. ஓட்டல் கூட்டுறவு ஏன் ஒன்று கூட இல்லை? யோசிக்க வேண்டிய விஷயம். அதைத் தனிப் பதிவாகப் பேசுவோம்.

இப்போதைக்கு அரசிடம் கேட்பது இவ்வளவுதான். 1958ஆம் வருஷத்துச் சட்டத்தில் உட்காரும் உரிமையை எழுதுங்க. "பிரேக்" நேரத்தில் ஆளைக் கடையிலேயே நிறுத்தி வைத்தால் அதையும் வேலை நேரமாகக் கணக்கிடுங்க. கடை 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இலும் 2022இலும் அரசாணை போட்டபோது, ஆளுக்கு 8 மணி நேரம்தான் என்று அதிலேயே எழுதினீங்க. அந்த நிபந்தனையைச் சோதிக்கத் தொழிலாளர் துறை அதிகாரி ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவையாவது தாராபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வரட்டும். மத்தியானம் பதினொரு மணிக்கு வந்து பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஒன்றும் தெரியாது.

ஓட்டல், மெஸ், பேக்கரி, டீக்கடையில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு அம்பது ரூபாய் டைரி வாங்கிக்கோங்க. தினமும் எத்தனை மணிக்கு வேலைக்கு நின்றீங்க, எத்தனை மணிக்கு விட்டாங்க, கையில் எவ்வளவு கொடுத்தாங்க, அட்வான்ஸில் எவ்வளவு பிடிச்சாங்க என்று எழுதி வையுங்க. எந்த மொழியிலும் எழுதலாம். எழுத வராதவங்க போனில் பேசிப் பதிவு பண்ணுங்க. சம்பளம் ஜிபேயில் வந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீங்க. மூணு மாசக் கணக்கு கையில் இருந்தால் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க நாங்க கூட வர்றோம். பேர் வெளியே வராது. உங்க பிரேக் மூணரை முதல் அஞ்சு வரைதானே, அந்த நேரத்தில் எங்க அலுவலகம் திறந்திருக்கும். மேலே மாடிப்படி ஏற வேண்டாம், கீழேயே நாற்காலி போட்டிருக்கோம். வந்து உட்காருங்க, பேசுவோம்.

#உட்காரும்_உரிமை #ஓட்டல்_தொழிலாளர் #தாராபுரம்